கோடாலித் தைலமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் ஒன்பது வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நிரந்தரவாசம் கிடைத்துவிட்டது. ஆனாலும் இணையத்தில் இந்தியர்களைப் பற்றி எது வந்தாலும் கீழே 'சீக்கா' என்று திட்டுகிறார்கள். 2005இல் இந்தியாவும் சிங்கப்பூரும் போட்ட வணிக ஒப்பந்தத்தின் சுருக்கப் பெயர் அது, இப்போது வசைச்சொல்லாகிவிட்டது. வரி கட்டும் படித்தவர்களையும் கட்டுமானத் தொழிலாளிகளையும் ஒரே தட்டில் வைப்பதுதான் வலிக்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடலாமா?

ஆர்., சிங்கப்பூர்

அன்புள்ள ஆர்.,

மகளிடம் பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் படிக்கும்போது எனக்கு அதுதான் தோன்றியது. அப்படியென்றால் முதலில் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். இணைய வசவை விட்டுத் தள்ளுங்கள்.

அந்த ஊர்க்காரர்களின் கோபத்தில் நியாயமும் உண்டு. 2000இல் 40 லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தே வருடத்தில் 50 லட்சத்தைத் தாண்டியது. ரயிலில் நிற்க இடமில்லை, வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2011 தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி 60.1 சதவீத ஓட்டுக்கு இறங்கி, பல உறுப்பினர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் அல்ஜுனிட் குழுத்தொகுதியையும் பறிகொடுத்தது. அப்புறம்தான் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி விதிகள் இறுகின. 2030க்குள் 69 லட்சம் பேர் ஆகலாம் என்று 2013இல் அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை வந்ததும் ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். ஓட்டுள்ளவர் கோபப்பட்டால் அரசாங்கம் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த 'ஒரே தட்டு' என்ற வரி இருக்கிறதே, அதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. உங்களைத் திட்டுகிறவர் செய்வதும் இதே வேலைதானே, தனக்குக் கீழே ஒருவரைத் தேடுவது. உங்களுக்கும் ஓட்டு இல்லை, அந்தக் கட்டுமானத் தொழிலாளிக்கும் இல்லை. ஆனால் நீங்கள் விண்ணப்பித்து நிரந்தரவாசியானீர்கள். தொழிலாளிகளுக்கான ஒர்க் பெர்மிட்டில் வந்தவர் இருபது வருடம் அங்கே கட்டடம் கட்டினாலும் விண்ணப்பம் போடக்கூட முடியாது. நீங்கள் எம்.ஆர்.டி. ரயிலில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் லாரியின் பின்பக்கத்தில் போய்க்கொண்டிருப்பார். அவரோடு சேர்த்துப் பேசினால் உங்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

2014 ஜனவரியில் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்குப் போயிருந்தேன். முந்தைய மாதம் 8ஆம் தேதி ஒரு தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்து, அங்கே கலவரம் நடந்திருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை, தெருவெல்லாம் போலீஸ். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு டஜன் கோடாலித் தைலம் வாங்கிக்கொண்டு, யார் யாருக்கு எது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கால் வலிக்கிறது, அந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பெஞ்சு காலியாக இருக்கிறதே, உட்காரலாம் வாருங்கள் என்றேன்.

"வேண்டாண்ணே, நாங்க அங்க உக்காந்தா புகார் பண்ணுவாங்க. நீங்க போய் உக்காருங்க."

சொல்லிவிட்டு நடைபாதை ஓரத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். போகிறவர் யாருக்கும் இடிக்கக் கூடாது என்று காலை மடக்கி வைத்துக்கொண்டு, தைலப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். கலவரத்தில் அவருக்குப் பங்கில்லை, அன்று அவர் தங்கும் விடுதியை விட்டே வெளியே வரவில்லை. நானும் பெஞ்சுக்குப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ஊருக்குத் திரும்புவதைப் பற்றி மனைவியிடமும் மகளிடமும் கேளுங்கள். திரும்புவதென்றால் அவளுடைய பள்ளி வருடம் முடியட்டும்.