அயர்லாந்தில் ஒரு வாரம் படிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 52 வயது. ஐரிஷ் மொழியும் அவர்கள் இசையும் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போகலாம் என்றிருக்கிறேன். எந்த ஊர் நல்லது?

இரண்டையும் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள். மொழி என்றால் டொனிகால் கவுன்டியில் கிளென்கொலம்கில். 1984-இல் தொடங்கிய ஒய்டியஸ் கேல் என்ற ஐரிஷ் மொழிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது, பெரியவர்களுக்கான வகுப்புகள். பதிவின்போது எந்த நிலை என்று கேட்பார்கள். மொபைல் ஆப்பில் ஒரு வருடம் தட்டியவர்கள் தைரியமாக இரண்டாம் நிலையைப் போட்டுவிட்டு முதல் நாளே முழிப்பார்கள். எழுத்தைப் பார்த்துப் புரிவது வேறு, காதில் கேட்டுப் புரிவது வேறு. போதாததற்கு அங்கே பேசுவது அல்ஸ்டர் வழக்கு, அதாவது வடக்குப் பகுதிப் பேச்சு, நலம் விசாரிப்பதே வேறு மாதிரி இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு படி கீழே சேருங்கள்.

இசை என்றால் கிளேர் கவுன்டியில் மில்டவுன் மால்பே. 1973-இலிருந்து வில்லி கிளான்சி கோடைப் பள்ளி அங்கே நடக்கிறது. ஜூலை முதல் சனிக்கிழமை ஆரம்பம். சின்ன ஊர், முதலில் தீர்வது அறைகள்தான். பக்கத்து லஹின்ச்சில் தங்கினால் கார் வேண்டும். ராத்திரி செஷன் (பப்பில் எல்லோரும் கூடி வாசிப்பது) முடிந்து வர பஸ்ஸை நம்ப முடியாது.

கேள்வி: ஷெங்கன் விசா கையில் இருக்கிறது. போதுமா?

போதாது. ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா; அயர்லாந்து அதில் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வகுப்புக் கட்டணம் கட்டிய ரசீதும், பாடத்தின் தேதிகள் உள்ள கடிதமும் வையுங்கள். “கலாசாரம் அறிய” என்று மட்டும் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன், இந்திய பாஸ்போர்ட். டொனிகாலுக்கு நேர் பஸ் இருக்கிறதே, அதில் போகலாம்தானே?

அவசரப்படாதீர்கள். அந்த 30-ஆம் எண் பஸ் என்னிஸ்கில்லன் வழியாகப் போகிறது. அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி (யு.கே.). எல்லையில் கேட் கிடையாது என்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை. உங்கள் ஐரிஷ் குடியிருப்பு அட்டை அங்கே செல்லாது, பிரிட்டிஷ் விசா வேண்டும். டப்ளின் கானலி ஸ்டேஷனில் ஸ்லைகோ ரயில் பிடியுங்கள், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து 64-ஆம் எண் பஸ்ஸில் டொனிகால் டவுன், பிறகு 490-இல் கிளென்கொலம்கில். கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: கர்நாடக புல்லாங்குழல் வாசிப்பேன். டின் விசில் (அவர்களுடைய சின்ன உலோகக் குழல்) சுலபமாக வருமா?

விரல் வரும், பழக்கம் இடிக்கும். ‘டி’ விசில் வாங்குங்கள்; ஆறு துளை, டி, ஜி இரண்டு ஸ்கேலும் அதில் அடங்கும். ஜி ஸ்கேலில் வரும் சி நேச்சுரலுக்குத் துளையைப் பாதி மூட வேண்டாம்: மேல் துளையைத் திறந்து, அடுத்த இரண்டை மூடி, மற்ற மூன்றையும் திறந்துவிடுங்கள்.

சிக்கல் ‘ரோல்’ என்ற அலங்காரத்தை வாசிக்கும்போதுதான். ஒரு ஸ்வரம், மேல்விரலை வெடுக்கென்று தூக்கி ஒரு ‘கட்’, அதே ஸ்வரம், கீழ்விரலால் ஒரு தட்டு, மறுபடி அதே ஸ்வரம். ‘கட்’டுக்கும் தட்டுக்கும் நேரமே கொடுக்கக்கூடாது; அவை சுருதியாகக் காதில் விழக்கூடாது, சொடுக்காக விழ வேண்டும். கமகம் பழகிய கை அதை இழுத்துவிடும், ஜிக் என்ற நடன மெட்டின் மூன்று மூன்றான நடை குலைந்துபோகும். வாரம் முழுக்க இதை மெதுவாகப் பழகினாலே லாபம்.

நடுவில் விசிலின் குரல் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது. ஊதும் முனைக்குக் கீழே உள்ள ஜன்னல் போன்ற திறப்பை விரலால் மூடி பலமாக ஊதுங்கள்.

கேள்வி: பௌரான் (ஐரிஷ் கை மேளம்) வாங்கி வரலாமா? செஷனில் தட்டலாமா?

ஷாம்ராக் (அயர்லாந்தின் சின்னமான மூவிலை) படம் போட்டது சுவரில் மாட்ட மட்டும். உள்பக்கம் திருகி இறுக்கும் ஆணிகள் இருப்பதாகப் பாருங்கள். ஆட்டுத்தோல் மழைக்குத் தொய்ந்து ‘பொத்’தென்று ஒலிக்கும், வறட்சியில் விறைக்கும், விறைத்தால் உள்பக்கம் லேசாகத் தண்ணீர் தடவுங்கள். ஹீட்டர் பக்கம் வைத்தால் கிழியும். செஷனில் ஒரு பௌரான் ஏற்கெனவே ஒலித்தால் உங்களுடையது உறைக்குள் இருக்கட்டும். இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டு உட்காருங்கள்.