விடுமுறை இல்லாத மலைப் பள்ளி

கேள்வி: இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்தில் பாதிரியார் ஒருவர் ஆண்டு முழுவதும் விடுமுறையே விடாமல் பள்ளி நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். அங்கே பாடம் எப்படி நடந்தது? பிள்ளைகளுக்குச் சலிப்பு ஏற்படவில்லையா?

பதில்: தாங்கள் கேட்பது பார்பியானா பள்ளியைப் பற்றி. ஃபிளாரன்ஸ் நகருக்கு வடகிழக்கே, முஜெல்லோ பகுதியின் ஜோவி மலைச் சரிவில், ஒரு தேவாலயமும் ஆங்காங்கே சிதறிக் கிடந்த சில பண்ணை வீடுகளுமே அந்த ஊர். 1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி அங்கே பங்குத் தந்தையாக அனுப்பப்பட்டபோது மின்சாரமும் கிடையாது. ஊர்வரை வரும் சாலையும் கிடையாது.

காலை 8 மணிக்குத் தொடங்கும் பள்ளி, சாப்பிடுவதற்கு மட்டும் சிறிது நேரம் விட்டு, மாலை 7.30 வரை நடக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை. அருகில் குடியிருந்த பிள்ளைகள் அதற்கு முன்பே தொழுவ வேலையையோ விறகு பிளப்பதையோ முடித்துவிட்டு வருவார்கள். பாதிரியார் இல்லத்து அறையில் கரும்பலகையோ பெஞ்சுகளோ இல்லை. பெரிய மேசைகளைச் சுற்றி அமர்ந்து படித்தார்கள், அவற்றிலேயே சாப்பிட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு பிரதிதான் இருந்தமையால் எல்லாரும் அதன்மேல் குனிந்திருக்க, அவர்களில் சற்றே பெரிய பையன் ஒருவன் பாடம் சொல்லிக்கொண்டிருப்பான். அப்படிக் கற்பித்தவர்களில் மூத்தவனுக்கு 16 வயது, இளையவனுக்கு 12.

என் பார்வையில் அப்பள்ளியின் உயிர்நாடி வேறோர் ஒழுங்கில் இருந்தது. பின்தங்கிய பிள்ளைக்கே அங்கு முதலிடம்; அவனுக்குப் புரியும்வரை மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. அரசுப் பள்ளிகளில் தேர்ச்சி பெறாமல் நின்றுபோன குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தது அறிவு அல்ல, மொழியே என்று மிலானி உறுதியாக நம்பினார். ஆகவே நாளிதழைச் சத்தமாக வாசித்து, தெரியாத சொல் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, அச்சொல்லிலிருந்து வரலாற்றுக்கும் புவியியலுக்கும் சட்டத்துக்கும் போவார்கள். எழுதுவதும் கூட்டு வேலைதான்: ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒவ்வொரு கருத்தாக எழுதி, சீட்டுகளைப் பொருள்வாரியாகக் குவித்து, வரிசைப்படுத்தி, பிறகு வீண் சொற்களை ஒவ்வொன்றாக வெட்டுவார்கள்.

சலிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கு வராத நாளில் அப்பிள்ளைகளுக்குக் காத்திருந்தது விளையாட்டு அல்ல, மாட்டுச் சாணமும் ஆட்டு மந்தையும். விடுமுறை என்பது வீட்டில் ஓய்வும் புத்தகமும் உள்ள பிள்ளைகளுக்கே இன்பம் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மேல் இருந்த அச்சம் போக வேண்டும் என்று அங்கே சிறிய நீச்சல் குளம் ஒன்றும் கட்டப்பட்டது. ஆயினும் மிலானி மிகவும் கண்டிப்பானவர், அடிப்பதும் உண்டு. அதையும் சேர்த்துப் போற்ற எனக்கு மனமில்லை.

அங்கிருந்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போன சிலர் தேர்வில் தோல்வியுற்றபோது, மாணவர் எட்டுப் பேர் சேர்ந்து, மேற்சொன்ன சீட்டு முறையிலேயே, ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூலை எழுதினார்கள். அது 1967 மே மாதம் வெளிவந்தது. மிலானி ஜூன் 26 அன்று, தமது 44ஆம் வயதில், புற்றுநோயால் இறந்தார். அன்றாட ஒழுங்கைப் பற்றி இங்கே நான் சொன்னவற்றில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகளே எழுதிவைத்ததுதான்.