பேச்சை இழந்தவரின் மூளையில் கருவி பொருத்தினால், அவர் மனத்தில் நினைப்பதையெல்லாம் அது படித்துவிடுமா?

உங்கள் மாமாவுக்கு ஏ.எல்.எஸ். நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழியும் நோய்) என்றும், பேச்சு குழறத் தொடங்கிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் பயப்படும் விஷயத்துக்கு முதலில் பதில்: இன்றைய கருவி மனத்தைப் படிப்பதில்லை. நாக்குக்கும் உதட்டுக்கும் மூளை அனுப்பும் உத்தரவைத்தான் ஒட்டுக்கேட்கிறது.

நான் மருத்துவன் அல்ல. மூளைத்தண்டில் பக்கவாதம் வந்த பெரியப்பாவுக்குப் பதினான்கு மாதங்கள் எழுத்து அட்டை பிடித்தவன். கண்ணை மேலும் கீழும் அசைப்பதைத் தவிர அவரால் ஒன்றும் முடியாது. புத்தி மட்டும் துளியும் மங்கவில்லை. அக்கா பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் ஸ்கெட்ச் பேனாவால் எழுத்துகளை வரிசையாக எழுதினாள். முதல் வரிசையா, இரண்டாவதா என்று கேட்டுக்கொண்டே போவோம். சரியான இடத்தில் கண்ணை உயர்த்துவார். 247 எழுத்தையும் எழுதினால் பொழுது விடிந்துவிடும் என்று உயிரெழுத்துகளும் க, ங, ச வரிசையும் மட்டும்தான். காலும் கொம்பும் நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் காலை ம, ட என்று காட்டிவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியா? மாடா? மாடியா? மாடியில் என்ன? மோட்டார் என்று நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் தொட்டி நிரம்பி மொட்டைமாடி குளமாகிவிட்டது. படுத்திருந்தவர் காதில் விழுந்த சத்தம், நடமாடிய நான்கு பேர் காதிலும் விழவில்லை.

மூளைக்கருவியும் ஏறக்குறைய இந்த ம, ட வேலையைத்தான் செய்கிறது, அசுர வேகத்தில். 2023 ஜூலையில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேசி ஹாரெல் என்ற ஏ.எல்.எஸ். நோயாளிக்கு, பேச்சு உறுப்புகளை இயக்கும் மூளைப் பகுதியில் நான்கு சிறு மின்முனைத் தொகுப்புகளை, அதாவது நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பிடிக்கும் நுண்ணிய முனைகளின் கூட்டங்களை, பதித்தார்கள். மொத்தம் 256 மின்முனைகள். அவர் பேச முயலும்போது நரம்பணுக்கள் துடிக்கும் விதத்தைப் பார்த்து, ஆங்கிலத்தின் 39 ஒலிகளில் எது வருகிறது என்று கணினி கணிக்கிறது. ஒலிகளைச் சொற்களாகக் கோப்பது ‘மொழி மாதிரி’ (language model) என்ற மென்பொருளின் வேலை. அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்து எது பொருந்தும் என்று பார்க்கிறது. முதல் நாளே 50 சொற்கள் கொண்ட பட்டியலில் 99.6 சதவீதம் சரியாக வந்தது. பிறகு பட்டியலை 1,25,000 சொற்களாக விரித்தும், பயிற்சியோடு 97 சதவீதத்துக்கு மேல் நின்றது. நிமிடத்துக்குச் சுமார் 32 சொற்கள். எங்கள் அட்டையில் ஒரு சொல்லுக்கே சில சமயம் ஐந்து நிமிடம் ஆகும்.

உங்கள் பயம் அடியோடு ஆதாரமற்றது என்றும் சொல்ல மாட்டேன். 2025இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், வாயை அசைக்க முயலாமல் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களையும் ஓரளவு எடுக்க முடியும் என்று காட்டினார்கள். திரையில் உள்ள வட்டங்களை எண்ணச் சொன்னபோது, மனத்துக்குள் ஓடிய எண்களின் சாயலும் அகப்பட்டது. இதற்குப் பூட்டு போடவும் அவர்களே முயன்றிருக்கிறார்கள்: குறிப்பிட்ட ஒரு சொற்றொடரை மனத்துக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். நல்ல யோசனை. ஆனால் பூட்டின் சாவி நோயாளியிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். வீட்டார் நாங்களே சில நாள் பெரியப்பா சொல்லி முடிப்பதற்குள் வாக்கியத்தை முடித்து, ஆமாம்தானே என்று அவசரப்படுத்தியிருக்கிறோம். அவர் கண்ணை மூடிக்கொள்வார். தொலைந்து போங்கள் என்று அதற்கு அர்த்தம்.

வேகத்தைவிட என்னை அசைத்தது வேறொன்று. அதே ஹாரெலுக்கு 2025இல் எழுத்தைத் தாண்டி, மூளைக்குறிகளை நேரடியாகக் குரலாக மாற்றிக் காட்டினார்கள். தாமதம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான். கேட்டவர்களுக்குச் சொற்களில் அறுபது சதவீதம்தான் புரிந்தது. ஆனாலும் அவரால் கேள்வியைக் கேள்வியின் தொனியில் கேட்க முடிந்தது, ஒரு சொல்லை அழுத்த முடிந்தது, சிறு ராகம் இழுக்கவும் முடிந்தது. பெரியப்பாவின் கிண்டல் எழுத்தெழுத்தாக வந்து சேர்வதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். யாரும் சிரிக்க மாட்டோம்.

மாமாவுக்கு இப்போது கிடைக்குமா? கடையில் வாங்கும் பொருள் அல்ல அது. மண்டையைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை. தலையில் துருத்தி நிற்கும் இணைப்பு, அதிலிருந்து வயர். அதுவும் மருத்துவ ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். மேலே சொன்னவை எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழில் இன்னொரு சிக்கல் வரும் என்று நினைக்கிறேன். நாம் எழுதுவது ஒன்று, வாயில் வருவது வேறு. செய்தித்தாள் தமிழில் பழகிய மொழி மாதிரி, மாமா பேசும் தமிழை ஊகிக்கத் திணறும்.

எழுத்து அட்டையை இப்போதே பழக்குங்கள்; கண்ணசைவால் இயங்கும் கணினி கிடைத்தால் இன்னும் நல்லது. அதைவிட அவசரம், அவர் குரலைப் பதிவு செய்வது. ஹாரெலின் கருவி பேசுவது, நோய்க்கு முந்தைய பதிவுகளிலிருந்து வார்த்த அவருடைய சொந்தக் குரலில்தான். செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். கைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சீட்டாடவும் பேரனைத் திட்டவும் விடுங்கள். பெரியப்பாவின் குரல் என்று எங்களிடம் இருப்பது அக்காவின் கல்யாண வீடியோவில் சில நொடிகள்தான். அதிலும் பாதியை நாதஸ்வரம் மூடிவிட்டது.