கண்ணா மரம் காய்ந்தால் கன்று வாங்க ஓடாதீர்கள், முதலில் மதகைப் பாருங்கள்

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு மீன்பிடிச் சங்கத்தின் செயலாளர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் வாவிக்கரையில் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் கண்ணாக்காடு, அதாவது சதுப்பில் வளரும் கண்ணா மரங்களின் காடு, இருக்கிறது. கடந்த இரண்டு மாரிக்குப் பிறகு நடுப்பகுதி மரங்கள் இலை கொட்டிக் காய்ந்து நிற்கின்றன. கரை ஓரத்து மேட்டில் நிற்கும் மரங்கள் பச்சையாகவே இருக்கின்றன. காலநிலை மாறி வெயில் கூடியதுதான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். காட்டுக்கும் வாவிக்கும் நடுவே தோணித்துறைக்குப் போகும் பாதையை மண் போட்டு உயர்த்தி மூன்று வருடமாகிறது. மற்றபடி இங்கே எந்த மாற்றமும் இல்லை. இப்போது ஒருவர் வந்து, காய்ந்த மரங்களை வெட்டித் துப்புரவாக்கிக் கொடுத்தால் 5,000 கண்டல் கன்று கொண்டுவந்து நடுவதாகவும், பிறகு காடு கார்பனைச் சேர்த்துவைப்பதற்காகக் கார்பன் பணம் வருமென்றும் சொல்லிச் சங்கத்தின் கையெழுத்தைக் கேட்கிறார். போடலாமா ஐயா?"

போட வேண்டாம். மரத்தையும் வெட்ட வேண்டாம்.

"மற்றபடி எந்த மாற்றமும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்திய வரியிலேயே உங்கள் கேள்விக்கான பதில் கிடக்கிறது. காட்டுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு பாதையை உயர்த்தினார்கள். அடுத்து வந்த மாரிகளில் மரம் சாகிறது, அதுவும் நடுவில். வெயிலும் உப்பும் கொன்றிருந்தால் சாவு மேட்டுப் பக்கத்தில் தொடங்கியிருக்கும். தண்ணீர் எட்டாத அந்த மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். உங்கள் காட்டில் மேடு பிழைத்திருக்கிறது, பள்ளம்தான் செத்திருக்கிறது. பெரும்பாலும் அது நீரில் மூழ்கி மூச்சு முட்டிச் செத்த காடு.

கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் குச்சி குச்சியாக மேலே நிற்பவை அதன் மூச்சுவேர்கள். சதுப்புச் சேற்றில் காற்று இல்லை. ஆகவே மரம் வேரை மேலே அனுப்பி அதன் வழியாகக் காற்றை இழுத்துக் கீழே கொடுக்கிறது. அந்தக் குச்சியின் உயரம் பொதுவாக ஒரு சாண். தண்ணீர் ஏறி அதை மூடுவதும் பிறகு வடிவதும் வழமையானது, மரம் அதைத் தாங்கும். இரவு பகலாக, வாரக்கணக்கில் நீருக்கடியில் கிடந்தால் தாங்காது. முதலில் வேர் அழுகும், பிறகு இலை மஞ்சளிக்கும், கடைசியில்தான் கொட்டும். நீங்கள் கொட்டிய இலையைப் பார்க்கும்போது காரணம் நடந்து மாதங்கள் ஆகியிருக்கும். அதனால்தான் கோடையில் காய்ந்த மரத்தைக் கண்டு எல்லோரும் வெயிலைக் குற்றம் சொல்கிறார்கள்.

காலநிலை மாற்றத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்பு பரவிப் பெய்த மழை இப்போது சில வேளை சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடியிருக்கும் வேளையில் அப்படிக் கொட்டினால் வாவி முழுவதும் மட்டம் ஏறுகிறது. முகத்துவாரத்தை வெட்டிவிட்டதும் வாவி வடிந்துவிடும். உங்கள் பாதைக்கு உள்ளே அகப்பட்ட தண்ணீர் எங்கே வடியும்? பாதைக்கு அடியில் ஒற்றைக் குழாய் மதகு இருந்திருக்கலாம். அதுவும் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கலாம். சாதாரண மழைக்கு அந்தக் குழாய் போதும், இன்றைய மழைக்குப் போதாது. காலநிலை மாறுகிறது என்று தெரிந்துகொண்டே இப்படிப் பாதை போடுகிறவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சங்கத்து ஆட்கள் இருவர் நீர் குறைந்த ஒரு காலையில் உள்ளே போங்கள். ஒரு கம்பில் விரற்கடைக் கணக்கில் கோடு கீறி, செத்த பகுதியின் நடுவில் ஊன்றுங்கள். அதேபோல் இன்னொன்றைப் பாதைக்கு வெளியே வாவிப் பக்கம் ஊன்றுங்கள். ஒரு மாதம் காலையில் இரண்டையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெளியே மட்டம் இறங்கிய பிறகும் உள்ளே இறங்காமல் நின்றால் குற்றவாளி பாதைதான். சேற்றைக் கையால் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தால் நீர் நெடுநாள் தேங்கியிருக்கலாம். நண்டு வளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நண்டு கைவிட்ட சேற்றில் கன்று பிழைப்பது கடினம்.

பிறகு ஒவ்வொரு கண்ணா மரத்திலும் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கண்ணா அடியிலிருந்தும் தண்டிலிருந்தும் மறுபடி துளிர்க்கக்கூடிய மரம். நீர் வடிந்தால் இலையில்லாத மரம்கூட மீளலாம். துப்புரவு என்று வெட்டினால் அந்த வாய்ப்பையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். உண்மையிலேயே செத்த மரமும் நிற்கட்டும். மிதந்து வரும் விதையைத் தடுத்துப் பிடிப்பது அதன் வேர்கள்தான்.

இங்கே ஒரு மரத்தைப் பற்றி மட்டும் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கண்ணாக்காட்டின் மேட்டு ஓரத்தில் தில்லை நிற்கும். தில்லை இலை உதிர்க்கும் மரம். உதிர்ப்பதற்கு முன் இலை மஞ்சளாகிச் செம்மஞ்சளாகி இரத்தச் சிவப்பாகும். சில நாட்களில் மரம் மொட்டையாகிவிடும். அது நோயல்ல, சாவல்ல, காலநிலை மாற்றமுமல்ல. அந்த மரத்தின் இயல்பு. பக்கத்து மரம் பச்சையாக நிற்க இது மட்டும் மொட்டையாக நிற்பதைக் கண்டால் பதறாதீர்கள். எல்லாத் தில்லையும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை. ஒன்று மொட்டை, அடுத்தது பச்சை, மூன்றாவது சிவப்பு என்றும் நிற்கலாம். சில வாரம் பொறுத்தால் நுனியில் இளம் இலை வரும். வெளியூரிலிருந்து வந்து படம் பிடிப்பவர்கள் இந்த மொட்டைத் தில்லைகளையும் எண்ணி "அழிந்த காடு" என்று கணக்குக் காட்டுகிறார்கள். நீங்கள் எண்ணும்போது தில்லையைத் தனியாக எழுதுங்கள். நகத்தால் கீறிப் பார்க்கும் சோதனையைத் தில்லையில் செய்யவே கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலில் பட்டால் கொப்புளம் எழும். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரியும். கூடவரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அடுத்து அந்த 5,000 கன்று. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். என்ன ஆயிற்று என்று 23 இடங்களில் நேரே போய்ப் பார்த்த ஆய்வொன்று 2017 இல் வெளிவந்தது. நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். பிழைத்தது 200 ஹெக்டேயரை ஒட்டி. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடத்தில் நட்டதும் நட்டபின் திரும்பிப் பாராததும் அதில் முக்கிய காரணங்கள். அப்படி ஒரு நடுகைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எப்போதும் இடுப்பளவு நீர் நிற்கும் சேற்றில் கன்றை வரிசையாகக் குத்திவைத்தார்கள். இங்கே பிழைக்காது என்றேன். திட்டத்தில் இத்தனை கன்று என்று எழுதியாகிவிட்டது, மேட்டில் இடம் போதாது என்றார்கள். அடுத்த வருடம் போனபோது கட்டிய தடிகள் மட்டும் நின்றன. அந்தக் கன்றுகளுக்காக நாள் கூலிக்குச் சேறு மிதித்த பெண்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த நடுகைக்கு அந்த ஊரில் எவரும் வரவில்லை.

ஏன் எப்போதும் கண்டல் கன்றே வருகிறது தெரியுமா? கண்டல் மரத்திலேயே முளைத்து நீளமாகத் தொங்குவதால் பொறுக்குவதும் எண்ணுவதும் குத்துவதும் எளிது. படத்திலும் அழகாக விழும். ஆனால் உங்களுடையது கண்ணா நின்ற நிலம். நீர் விளிம்பில் நிற்க வேண்டியதைக் கொண்டுவந்து உள்ளே நட்டால் அது காடாகாது. கண்டல், கண்ணா எதுவானாலும், பொதுவாக நாளின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரில் மூழ்கும் தரையில் இவை நிலைப்பதில்லை. இன்றைய உங்கள் பள்ளத்தில் எந்தக் கன்றை நட்டாலும், தாய்மரத்தைக் கொன்ற தண்ணீரே அதையும் கொல்லும்.

ஆகவே முதல் வேலை மதகு. அடைப்பை எடுங்கள். போதாவிட்டால் இரண்டாவது மதகு கேளுங்கள். நீர் வரவும் போகவும் தொடங்கி ஒரு மாரி கழியட்டும். ஓரத்தில் பச்சையாக நிற்கும் மரங்களே விதையைத் தரும். கண்ணா விதை மிதந்து வந்து, தோல் கழன்று, இரண்டு தடித்த பருப்பிலையோடு சேற்றில் ஊன்றிக்கொள்ளும். அது தானே தெரிவு செய்யும் இடம் நாம் காட்டும் இடத்தைவிடச் சரியாக இருக்கும். மாடும் ஆடும் புகாமல் பழைய வலையால் ஒரு வேலி கட்டினால் போதும். ஒரு வருடம் கழித்தும் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் மட்டும் கன்று நடுவதைப் பற்றி யோசியுங்கள். காட்டின் பின்புறம், தரைப் பக்கம், மதிலோ வேலியோ எழவும் விடாதீர்கள். கடல் மட்டம் உயர உயர இந்தக் காடு பின்வாங்க வேண்டியிருக்கும். பின்வாங்க இடமில்லாவிட்டால் அது பிழைப்பது கடினம்.

கார்பன் பணம் என்பதைப் பற்றி. கண்டல், கண்ணா, தில்லை எல்லாம் சேர்ந்த கண்டற்காடு கார்பனைச் சேர்த்துவைப்பது உண்மை. அதில் பெரும்பகுதி சேற்றில் இருக்கிறது, கன்றில் அல்ல. வெறுமனே கன்று குத்தியதற்காகப் பொதுவாக எவரும் பணம் தருவதில்லை. பல வருடம் அளந்து, சரிபார்த்து, நிலத்தின் உரிமை யாரிடம் என்று நிறுவிய பிறகே பேச்சு. வாவிக்கரை பெரும்பாலும் அரச காணி. அந்தக் காணிக்கு உங்கள் சங்கம் போடும் கையெழுத்தால் கார்பன் உரிமை எவருக்கும் கிடைக்காது. பிறகு எதற்கு அந்தக் கையெழுத்து? "சமூகம் சம்மதித்தது" என்று காட்டி வேறிடத்தில் பணம் எடுக்க அது உதவும். மரம் வெட்டிய குற்றமும் உங்கள் தலையில் விழும். வந்தவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். பணம் யார் தருகிறார்கள்? மூன்றாம் வருடம் பிழைத்த கன்றை யார் எண்ணுவார்கள்? வனத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி எங்கே? மூன்றுக்கும் கடதாசி காட்டாதவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு வகையினரும் வருவார்கள். மரம் செத்துவிட்டது, இனி இது வெறும் சதுப்பு, இறால் வளர்க்கலாம், விடுதி கட்டலாம் என்று பக்கத்துக் காணிக்காரரிடம் பேசுவார்கள். புத்தளம், சிலாபம் பக்கம் கண்டலை அழித்து வெட்டிய இறால் குளங்களில் எத்தனை நோய் வந்து கைவிடப்பட்டுக் கிடக்கின்றன என்று அங்கே போய் வந்தவர்களைக் கேளுங்கள். காய்ந்த காடும் காடுதான்.

மதகுக்காக நீங்கள் அலைய வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். பாதை பிரதேச சபையுடையது என்பார்கள். நீர் என்றால் வேறு அலுவலகம், மரம் என்றால் வனத் திணைக்களம், கரை என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், மீன் என்றால் கடற்றொழில். ஒரு குழாயில் அடைத்த மண்ணை மண்வெட்டியால் அரை நாளில் எடுக்கலாம். அதற்கு ஐந்து மேசையைச் சுற்ற வைக்கும் முறையைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. நடுகை விழாவுக்கு என்றால் இதே ஐந்து பேரும் ஒரே வாகனத்தில் வந்து இறங்குகிறார்கள். ஆகவே தனித்தனியாகப் போகாதீர்கள். ஒரே கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கு எழுதி, இந்த ஐந்து அலுவலகங்களுக்கும் பிரதி போடுங்கள். கிராம உத்தியோகத்தரின் கையொப்பமும் இருக்கட்டும். கடிதத்தில் "கண்டற்காட்டைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் கன்றுதான் அனுப்புவார்கள். "இன்ன பாதையில் இன்ன இடத்தில் மதகு அடைத்திருக்கிறது, உள்ளே நீர் இத்தனை நாள் வடியவில்லை" என்று எழுதி, இரண்டு கம்பின் கணக்கையும் இணையுங்கள்.

அடுத்த மாரி தொடங்குமுன் அந்தக் கம்புகளை ஊன்றிவிடுங்கள். ஒரு மாதக் கணக்கும், மதகின் இரு பக்கத்துப் படமும், தில்லையை நீக்கி எண்ணிய மரங்களின் தொகையும் எனக்கு அனுப்பினால், இரண்டாவது மதகு எங்கே வர வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.