புது லெப்டொப்பில் நிற்காத வைஃபை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஹட்டனில் லெப்டொப் திருத்துகிறேன். புதிதாக வாங்கியும் வைஃபை நிற்கவில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன். கேளுங்கள்.

தலவாக்கலை மாணவி: அண்ணா, லெப்டொப் வாங்கி மூன்று வாரம்தான். சூம் வகுப்பில் இருக்கும்போது வைஃபை அறுந்து அறுந்து வருகிறது. தம்பியின் போனில் நன்றாக வருகிறது. லெப்டொப் பழுதா?

பதில்: உடனே பழுது என்று முடிவுகட்டாதே, தங்கச்சி. தம்பியின் போன் அந்த நேரம் வைஃபையில் இருந்ததா, சிம் டேட்டாவில் இருந்ததா? முதலில் அதைப் பார். இணையம் உனக்கு இரண்டு துண்டாக வருகிறது. டவரிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து லெப்டொப் வரை இன்னொன்று. எது அறுகிறது என்று தெரியாமல் எதைத் திருத்தினாலும் வீண். கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலான கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, ரவுட்டரின் முகவரிக்கு பிங் ஓடவிடு; அது ‘இருக்கிறாயா’ என்று ரவுட்டரைக் கேட்டுப் பதில் வருகிறதா என்று காட்டும் கட்டளை. முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வகுப்பு நின்றுபோன நேரத்திலும் ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்தால் லெப்டொப் மேல் குற்றமில்லை, கோளாறு டவர் பக்கம். ரவுட்டரே பதில் தராவிட்டால் கோளாறு வீட்டுக்குள்.

வீட்டுக்குள் என்றால், நான் முதலில் தொடுவது மின்சேமிப்பு அமைப்பு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்று இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடு. சில புது லெப்டொப்புகளில் அந்தப் பக்கமே இருக்காது. இல்லாவிட்டால் நேரே டிரைவருக்குப் போ, அதாவது வைஃபை அடாப்டரை இயக்கும் மென்பொருளுக்கு. லெப்டொப்பின் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்து மட்டும் வைஃபை டிரைவரை இறக்கு. வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது என்று கேட்பாய். போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, போனின் இணையத்தை லெப்டொப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் போதும். அதற்குப் பிறகும் அறுந்தால் வாங்கிய கடைக்கே கொண்டுபோ. உத்தரவாதக் காலத்தில் நீயாகத் திறக்காதே.

பதுளை: டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் ஒன்று போடலாமா, சேர்?

பதில்: வேண்டாம். பொருந்தாத டிரைவரைப் போட்டு ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

மஸ்கெலியா: அண்ணே, லயத்தில் இருக்கிறோம். ரவுட்டர் முன்பக்கம். பின் காம்பிராவுக்குப் போனால் லெப்டொப்பில் ஒரு கோடுதான் வருகிறது.

பதில்: ரவுட்டர் 5 கிகாஹெர்ட்சுக்கு ஒன்று, 2.4க்கு ஒன்று என்று இரண்டு வைஃபைப் பெயர் காட்டுகிறதா? 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கல் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் களைத்துவிடும். 2.4 மெதுவானது, சுவரை ஓரளவு தாண்டும். பின்னால் இருக்கும்போது 2.4ல் சேருங்கள். இடையில் தகரத் தட்டி இருந்தால் இரண்டுமே திணறும், ரவுட்டரை நகர்த்தத்தான் வேண்டும். லயத்தில் இன்னொரு சிக்கல், பக்கத்துக் காம்பிராக்களின் ரவுட்டர்கள் எல்லாம் அதே 2.4ல் முட்டிக்கொள்வது. 2.4ஐ சனல் என்று சின்னச் சின்னப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள், ரவுட்டரின் அமைப்பில் மாற்றலாம். அதில் சனல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. ஆளுக்கு ஒன்றாகப் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். லயத்து ஆட்கள் கூடிப் பேசினால் பத்து நிமிட வேலை.

பண்டாரவளை: புது லெப்டொப், வைஃபை அடிக்கடி போகிறது.

பதில்: முதல் பதில்.

நுவரெலியா, ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர்: தம்பி, டிரைவர், சனல் என்கிறீர்கள். எங்கள் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் இணையம் செத்துவிடும். இதற்கு எந்த டிரைவர் போடுவது?

பதில்: ஐயா, பனிமூட்டத்தின் மேல் பழி போடுவது சரியில்லை. 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. அந்த அலைக்கு அது இருப்பதே தெரியாது.

அப்புத்தளை: அப்படியானால் நாங்கள் கண்ணால் காண்பது பொய்யா? மூடுபனி வந்தால் சூம் நிற்கிறது, விலகினால் வருகிறது.

பதில்: பொய் இல்லை அக்கா, காரணம்தான் வேறு. நம் பக்கம் மூடுபனி தனியாக வருவது குறைவு, மழையையும் கூட்டிக்கொண்டு வரும். பல மலை டவர்கள் ஒன்றோடொன்று மைக்ரோவேவ் என்ற வயரில்லா இணைப்பில் பேசுகின்றன. அது 10 கிகாஹெர்ட்சுக்கு மேலே ஓடினால் கனமழை அதை உறிஞ்சிவிடும். நனைந்த யூக்கலிப்டஸ் இலைகளும் சிக்னலைத் தின்னும். கரண்ட் போனால் டவர் பெட்டரியில் ஓடும், பெட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. போதாததற்கு, மழை நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து வீடியோ பார்க்கிறோம்.

நுவரெலியா கிளாக்கர் ஐயா மறுபடியும்: மழையே இல்லாத மூடுபனியிலும் பார்த்திருக்கிறேன்.

பதில்: அப்போது அளந்து பாருங்கள் ஐயா. போனில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் மைனஸ் எண்ணாக வரும். 4ஜியில் மைனஸ் 85 நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டினால் நலிவு. அதே ஜன்னலில் மூடுபனியில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். எண் மாறாமல் வேகம் மட்டும் குறைந்தால் அது டவரில் நெரிசல். எண்ணே விழுந்தால் தாளோடு கடைக்கு வாருங்கள், நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

லிந்துலை: புது லெப்டொப்புக்கு மாறியதிலிருந்து டேட்டா இரண்டு நாளில் தீர்கிறது.

பதில்: பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் இறங்குவதுதான். விண்டோஸ் அமைப்பில் அந்த வைஃபையை மீட்டர்ட் இணைப்பு, அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று குறித்துவிடுங்கள்.

பொகவந்தலாவ: எந்தக் கம்பனியின் சிம் நல்லது?

பதில்: உங்கள் ஜன்னலில் எது பிடிக்கிறதோ அது. பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

இராகலை: வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினால் மட்டும் வைஃபை போகிறது. நம்புவார்களா?

பதில்: நான் நம்புகிறேன். யூஎஸ்பி 3 கருவிகளும் வயர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கக்கும். 5 கிகாஹெர்ட்சில் சேருங்கள், அல்லது நீளமான நல்ல வயர் போட்டு டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள்.

கொட்டகலை: லெப்டொப் புதுசு, வைஃபை விட்டு விட்டு வருகிறது, டிரைவர் அப்டேட்டர்...

பதில்: போடாதீர்கள். தயவுசெய்து தலவாக்கலைத் தங்கச்சிக்குச் சொன்னதை வாசியுங்கள். இதே கேள்வி இன்னும் நிறைய வந்திருக்கிறது, அவர்களுக்கும் அதே பதில்தான்.

இங்கே இடி கேட்கத் தொடங்கிவிட்டது. ரவுட்டரையும் சார்ஜரையும் ப்ளக்கிலிருந்தே கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்னலில் வெந்த ரவுட்டரை என்னால் திருத்த முடியாது. நானும் கழற்றப் போகிறேன். மிச்சக் கேள்விகளுக்கு நாளைக் காலையில்.