தலைமடை, கடைமடை, பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானம்

வீடும் தோட்டமும்: வாசகர் கேள்விகள், பம்புக்காரர் பதில்கள்

ஆகஸ்ட் பிறந்தாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீர்ச் சண்டைதான். தென்னாப்பிரிக்காவின் நட்டால் கடற்கரையில் மழை கோடையில்தான் கொட்டும். குளிர்கால மாதங்களில் வானம் வாய் திறக்காது. இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று நீளமானது. அதற்கான பதிலும் நீளம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். மொத்தம் 12 வீடுகள். மைதானத்துக் குளத்திலிருந்து ஒரே குழாய் வழியாக எல்லோருக்கும் தோட்டத் தண்ணீர் தருகிறார்கள். திங்கள், புதன், வெள்ளி, மாலை 5 முதல் 8 வரை. எங்கள் வீடு கடைசி, அதுவும் மேட்டில். ஐந்து மணி அடித்ததும் எல்லோரும் திறந்துவிடுவதால் எங்கள் ஸ்பிரிங்க்ளர் தலையைக் கூடத் தூக்குவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. சொந்தமாக ஒரு பூஸ்டர் பம்பு வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். மாட்டலாமா?
வாசகி, டர்பன் வடக்கு

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் அந்தப் பம்பு வாங்குவதை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். பொதுக் குழாயில் உறிஞ்சு பம்பு மாட்டினால் உங்களுக்கு வருவது பக்கத்து வீட்டுத் தண்ணீர். அடுத்த வாரம் அவரும் ஒன்று மாட்டுவார். பன்னிரண்டு பம்பும் சேர்ந்து இழுத்தால் குழாயில் காற்றுதான் மிஞ்சும். இணைப்பில் எங்காவது கசிவு இருந்தால் மண்ணையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கரும்புத் தோட்டத்துப் பம்பு வீட்டில் நான் வேலை பார்த்த காலத்தில், மெல்லிய குழாய் இப்படி உறிஞ்சி உறிஞ்சிச் சப்பிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

"தலையைக் கூடத் தூக்குவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் என்னவென்று அதிலேயே தெரிகிறது. தரைக்குள்ளிருந்து எழும்பும் ஸ்பிரிங்க்ளர் ஒழுங்காக வேலை செய்யச் சுமார் 2 பார் அழுத்தமாவது வேண்டும். தண்ணீர் 10 மீட்டர் மேடு ஏறினால் 1 பார் குறைந்துவிடும். அதோடு பத்துப் பதினொரு வீடு ஒரே நேரத்தில் இழுத்தால் குழாயின் உராய்விலேயே மிச்ச அழுத்தமும் போய்விடும். அப்போது என்ன ஆகும்? தலை பாதி எழும்பி, கழுத்தைச் சுற்றிக் கொப்பளித்துக்கொண்டு, பக்கத்து மண்ணைக் கரைத்து ஒரு சின்னக் குழி பறிக்கும். ஓர் அடி தள்ளி இருக்கும் புல் நனையாது. ஆனால் மைதானத்து மீட்டரில் அது உங்களுக்குக் கொடுத்த தண்ணீர்தான்.

ஆகவே மூன்று நாளை ஐந்து நாளாக்கித் தந்தாலும் எல்லோரும் சேர்ந்து திறக்கும் வரை உங்களுக்கு இதே கதிதான். நீங்கள் கேட்க வேண்டியது முறை. ஒரு வீடு திறந்திருக்கும்போது மற்ற பதினொன்றும் மூடியிருக்க வேண்டும்.

நம் தாத்தா பாட்டிகள் 1860 முதல் கப்பலேறி வந்தபோது விட்டுவந்த ஊர்களில் இது பழைய சங்கதி. கண்மாய்ப் பாசனத்தில் தலைமடைக்காரன் மடையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் வயல் வெடித்துப் போகும் என்பதால்தான் நீர்க்கட்டி என்று ஓர் ஆளை வைத்தார்கள். மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. வயல்காரர்கள் கை வைக்கக் கூடாது. அறுவடையில் அவருக்கு நெல்லாகக் கூலி. இந்த நாட்டிலும் கரூ என்ற வறண்ட பகுதியில் பிரின்ஸ் ஆல்பர்ட் போன்ற ஊர்களில் தெருவோர வாய்க்காலில் 'லெய்வாட்டர்' ஓடுகிறது. முறை இருக்கும் மனைக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு. நேரம் வந்தால் மடைப்பலகையைத் தூக்க வேண்டும், முடிந்தால் இறக்க வேண்டும். நடு ராத்திரியில் முறை வந்தால் போர்வையை உதறிவிட்டு எழ வேண்டியதுதான். உங்களுக்கு மாலை ஐந்து மணிக்கே வருகிறது, புண்ணியம் செய்திருக்கிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு மாலை வாட்ஸ்அப்பை மூடிவிட்டு 20 லிட்டர் வாளி ஒன்றை எடுங்கள். மற்ற வீடுகளை மூடச் சொல்லிவிட்டு, உங்கள் தோட்டக் குழாயை முழுதாகத் திறந்து, வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர். இதே சோதனையை முதல் வீட்டிலும் செய்யுங்கள். வாளி பிடிக்கும் வேலையை உங்களோடு அதிகமாகச் சண்டை போடுகிறவரிடம் கொடுங்கள். பிறகு அந்த எண்ணை அவரே மறுக்க முடியாது.

மாலைக்கு 180 நிமிடம். நாளுக்கு நான்கு வீடு, வீட்டுக்கு 45 நிமிடம். மூன்று நாளில் 12 வீடும் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் உங்களுக்கு வாரத்தில் 1,800 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றுவது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். தோட்டம் 120 சதுர மீட்டர் என்றால் வாரம் 15 மில்லிமீட்டர் மழை பெய்த மாதிரி. குளிர்காலத்துக்குப் போதும். மழை பொய்த்த கோடையில் புல் வாடும், ஆனால் மரஞ்செடி தாங்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் வீட்டில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். அவர்களுக்கு அதே 1,800 லிட்டர் 30 நிமிடத்தில் கிடைத்துவிடும். மிச்சமாகும் 15 நிமிடத்தை மேட்டு வீடுகளுக்குக் கொடுக்கலாம். அதாவது சமமாக்க வேண்டியது லிட்டரை. நிமிடம் வீட்டுக்கு வீடு மாறட்டும். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது முகம் சுளிப்பார்கள். நீங்கள் சொல்லாமல் வாளிக் கணக்கை நீட்டுங்கள்.

ஐந்து மணி முறை யாருக்கு என்று அடுத்த சண்டை வரும். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் டர்பனில் சூரியன் இறங்கிவிடும். டிசம்பரில் ஏழு மணி வரை வெளிச்சம், ஐந்து மணித் தண்ணீரில் கொஞ்சம் வெயிலுக்கும் பங்கு போகும். அதனால் வரிசையை மாதா மாதம் ஒரு இடம் நகர்த்துங்கள். தவறவிட்ட முறை போனது போனதுதான், மறுவாரம் கூட்டித் தரக் கூடாது. வெளியூர் போகிறவர் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளலாம். நல்ல மழை பெய்த நாளில் யாருக்கும் முறை இல்லை.

வால்வுச் சாவி யாரிடம்? கடைசி வீட்டுக்காரரிடம். அதாவது உங்களிடம்! சிரிக்காதீர்கள். மேலே ஒரு வால்வு மூடாமல் இருந்தால் முதலில் தெரிவது கடைமடைக்குத்தான். முதல் வீட்டுக்காரருக்கு எது திறந்திருந்தாலும் தண்ணீர் வரும், அவர் ஏன் கவலைப்படப் போகிறார்? உங்களுக்கு முடியாவிட்டால் தெருவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருப்பார். அவரைக் கேளுங்கள், மகிழ்ச்சியாகச் செய்வார்.

இன்னொன்று. உங்கள் பக்கம் பெரும்பாலும் 'பெரியா' எனப்படும் சிவப்பு மணல். தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஒரே மூச்சில் 45 நிமிடம் பாய்ச்சினால் பாதி வேருக்குக் கீழே இறங்கிவிடும். 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்து, உங்கள் முறையில் அதை நிரப்பிக்கொண்டு, வாரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுக் குழாயில் விடுங்கள். தொட்டியை ஒரு மீட்டர் மேடையில் வைத்தால் 0.1 பார்தான் கிடைக்கும். குறைந்த அழுத்தத்துக்கான சொட்டுக் குழாய்க்கு அது போதும், ஸ்பிரிங்க்ளருக்குப் போதாது. பாத்தியின் மேல் கரும்புச் சோகையை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். வடக்குக் கரையில் அதற்கா பஞ்சம்?

முறையை எழுதி, குடியிருப்போர் சங்கத்தின் விதிகளில் சேர்க்கச் சொல்லுங்கள். சங்கம் தட்டிக்கழித்தால் சி.எஸ்.ஓ.எஸ். என்ற ஓம்பட் சேவை, அதாவது குறைதீர்ப்பு அமைப்பு, இருக்கிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட குடியிருப்புத் தகராறுகளுக்காகவே ஏற்படுத்தியது. ஆனால் அங்கே போவதற்கு முன் வாளி.

கேள்வி: எங்கள் வேலி மைதானத்துக் குளத்தில்தான் முடிகிறது. கரை எங்களுடையது என்பதால் தண்ணீரிலும் எங்களுக்குப் பாத்தியதை உண்டு என்கிறார் மாமா. சரியா?
வாசகர், வெருளம்

பதில்: மாமா பழைய சட்டத்தைச் சொல்கிறார். கரைக்காரனுக்குத் தண்ணீர் என்ற பேச்சு 1998ஆம் ஆண்டின் தேசியத் தண்ணீர்ச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. இப்போது நாட்டின் நீர் முழுவதற்கும் அரசாங்கமே பொறுப்பாளர். மற்றவர்களுக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். வீட்டு உபயோகத்துக்கும், விற்பனைக்கு இல்லாத சிறு தோட்டத்துக்கும் உரிமம் இல்லாமல் எடுக்க அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த நீரை நீங்கள் சட்டப்படி அணுக முடிய வேண்டும். பக்கத்துக்காரர் கட்டிய குளத்துக்குள் ராத்திரியில் குழாயை இறக்குவது அதில் சேராது. கூரைத் தண்ணீரைச் சேமிக்க அதே அட்டவணையில் அனுமதி உண்டு. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர். மாமாவுக்கு ஒரு தொட்டி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு நின்றோம். இன்றைக்கும் எங்கள் தெருவில் தண்ணீர் வருவதும் போவதுமாக இருக்கிறது. கோல்ஃப் மைதானம் மட்டும் எப்போதும் பச்சையாக இருப்பது என்ன நியாயம்?
வாசகர், டோங்காட்

பதில்: அந்த வாளி வரிசையில் நானும் நின்றவன்தான். ஆனால் குடிதண்ணீர்க் குழாயில் வருவதும் மைதானத்துக் குளத்தில் இருப்பதும் ஒரே தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. பல மைதானங்கள் மழைநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும்தான் பாய்ச்சுகின்றன. எந்த நீர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

நம்மவர்களுக்கு கோல்ஃப் மைதானத்தின் மேல் வருத்தம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் நிறவெறிக் காலத்தில், 1963இல், டர்பன் கன்ட்ரி கிளப்பில் நட்டால் ஓப்பன் போட்டியை வென்றபோது, மற்றவர்கள் உள்ளே இருக்க, மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். மட்டையைத் தலைகீழ்ப் பிடியாகப் பிடித்து ஆடிய மனிதர், மற்றவர்களுக்குப் பை தூக்கியவர். அந்தக் கணக்கு வேறு, தண்ணீர்க் கணக்கு வேறு.

பேரம் பேச ஒரு வழி சொல்கிறேன். மைதானத்தில் தண்ணீர் தவறவே கூடாத இடம், குழியைச் சுற்றியுள்ள கிரீன் மட்டும். மொட்டையாக வெட்டிய புல், ஆழமில்லாத வேர். பதினெட்டுக் கிரீனையும் சேர்த்தாலும் சுமார் 1 ஹெக்டேர்தான் வரும். பந்தை அடித்துக்கொண்டு போகும் ஃபேர்வே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். ஓரத்தில் இருக்கும் ரஃப் என்ற நீளப் புல் காய்ந்தால் பந்து கொஞ்சம் வேகமாக உருளும், வேறொன்றும் ஆகாது. எனவே மைதானத்தை ஒட்டி இருக்கிறவர்கள் வறட்சி மாதங்களில் "ரஃபுக்குப் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு எங்களுக்கு இன்னொரு மாலை தாருங்கள்" என்று கேட்கலாம். பம்புக்கு ஆகும் மின்சாரச் செலவில் ஒரு பங்கு தருகிறோம் என்று சேர்த்துக் கேட்டால் காது கொடுப்பார்கள்.

கேள்வி: மைதானத்துத் தண்ணீரைக் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் விடலாமா?
வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: விடாதீர்கள். பச்சையாகச் சட்னி அரைக்கும் எதற்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். சுத்திகரித்த கழிவுநீர் என்றால் காரணம் சொல்லவே வேண்டியதில்லை. வெறும் குளத்து நீர் என்றாலும் எகிப்திய வாத்துக் கூட்டம் நாள் முழுவதும் அதில்தான் குடியிருக்கிறது. புல்லுக்குப் போட்ட உரமும் மழையில் அங்கேதான் வந்து சேரும். முருங்கை, வாழை, கறிவேப்பிலை மரத்துக்கு அடியில் சொட்டுக் குழாயில் விடலாம். வேக வைத்துச் சாப்பிடும் காட்ரா பீன்ஸுக்கும் வேரில் மட்டும் விடலாம், காய் நனையக் கூடாது. கறிவேப்பிலையையும் நல்ல தண்ணீரில் அலசித்தான் தாளிக்க வேண்டும். தோட்டக் குழாயை நகராட்சிக் குழாயோடு எந்த இடத்திலும் இணைக்காதீர்கள், நடுவில் வால்வு இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டும் இணைக்காதீர்கள். அழுத்தம் குறைந்த நாளில் குளத்து நீர் சமையலறைக்கு வந்துவிடும்.

கேள்வி: மின்சாரம் போய் வந்தால் எங்கள் ஸ்பிரிங்க்ளர் நேரங்கெட்ட நேரத்தில் ஓடுகிறது. அடுத்த வீட்டு முறையைத் திருடுகிறோம் என்று பேச்சு வாங்குகிறோம். டைமர் கெட்டுவிட்டதா?
வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: கெடவில்லை. பல டைமர்களில் மின்சாரம் நின்றால் கடிகாரம் நின்றுவிடும், அல்லது பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடும். மூடியைக் கழற்றினால் 9 வோல்ட் பேட்டரிக்கு ஓர் இடம் தெரியும். அதில் பேட்டரி இருக்காது, அல்லது வாங்கிய நாளில் போட்டதே பச்சை பூத்துக் கிடக்கும். புதிதாக ஒன்று போட்டு, நேரத்தைத் திருத்தி, நீங்கள் அமைக்காமல் தானாக வந்து உட்கார்ந்திருக்கும் நிரல்களை அழித்துவிடுங்கள். அது முடியும் வரை பிரதான வால்வைக் கையால் மூடி வையுங்கள். பேட்டரி மாற்றியதைப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.