தொப்புளை விடுங்கள், வயிற்றைக் கவனியுங்கள்

கேள்வி: லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்து 6 நாள் ஆகிறது. தொப்புள் தையலில் நீர் கசிகிறது, சுற்றிலும் சிவப்பு. முதல் இரண்டு நாள் தோள்பட்டை வலித்தது. தையலருகே தோல் நீலம் பாரித்திருக்கிறது. ரத்தத்தில் விஷம் ஏறிவிடும் என்று இணையத்தில் படித்துவிட்டு, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் 4 மாத்திரை சாப்பிட்டேன். கிருமி உள்ளே போயிருக்குமா?

பதில்: தொப்புள் புண்ணிலிருந்து கிருமி வயிற்றுக்குள் இறங்குவது அபூர்வம். சீழ் பிடித்தாலும் பெரும்பாலும் தோலோடும் அதன் அடிக்கொழுப்போடும் நின்றுவிடும். பித்தப்பையைப் பல சமயம் தொப்புள் வழியாகத்தான் வெளியே இழுக்கிறோம். ஈரம் தங்கும் குழி வேறு. அதனால் லேப்ராஸ்கோபிக்காக வயிற்றில் போட்ட மற்ற சிறு ஓட்டைகளைவிட அது கொஞ்சம் தொந்தரவு தரும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஆபரேஷன் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். நேற்றைவிட இன்று வயிறு அதிகம் வலிக்கிறது என்றால் அது நல்லதல்ல. பித்தப்பையின் குழாயை அடைக்கக் கிளிப் போட்ட இடத்திலிருந்து பித்தம் கசியலாம், பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கலாம். அப்போதும் தையல்கள் பார்க்க அழகாக ஆறிக்கொண்டிருக்கும்! கூடும் வலியோடு வயிறு உப்புதல், வாந்தி, குளிர்நடுக்கம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தோள்வலி, வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவின் வேலை. போய்விட்டது, சரி. நீலம் ரத்தக்கட்டு, மஞ்சளாகித் தானே மறையும்.

அப்புறம், சிவப்பின் ஓரத்தைச் சுற்றி பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நாளைக் காலை சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தாலோ, கசிவு கெட்டியாகி நாற்றமடித்தாலோ அன்றே சர்ஜனிடம் காட்டுங்கள். பல நேரம் ஒரு தையலைப் பிரித்து சீழை வெளியேற்றினாலே போதும், மாத்திரையே வேண்டியிருக்காது.

அந்த மிச்ச மாத்திரைதான் எனக்கு எரிச்சல். எந்தக் கிருமிக்காக எப்போது வாங்கியது அது? அரைகுறையாக விழுங்கினால் காய்ச்சல் கொஞ்சம் அடங்கி நம்மை ஏமாற்றும். சீழைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினாலும் கிருமி வளராமல் போகலாம். இனி அதைத் தொடாதீர்கள். கோடு தாண்டாவிட்டாலும் இன்றே சர்ஜனுக்கு போன் செய்து, மாத்திரையின் பெயரையும் எத்தனை சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.